தலையில் முளைத்த மின்கம்பம்: படம் பகிர்கிறவர்கள் உறவாவது எப்படி?

கேமராவைத் தொட்ட எல்லாரும் ஒரு முறையாவது செய்யும் தவறு ஒன்று உண்டு. எடுக்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். பின்னால் நிற்கும் மின்கம்பம் கண்ணில் படாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பாட்டியின் கொண்டையிலிருந்து கம்பம் கிளம்பி வானத்துக்குப் போயிருக்கும். அப்போதும் எடுத்தவருக்கு அது தெரியாது. யாராவது காட்டித் தர வேண்டும்.

எனக்குக் காட்டித் தந்தவரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. படம் பகிரும் ஃபிளிக்கர் தளத்தில் அப்போது ஒரு வசதி இருந்தது. படத்தின் மேல் மவுஸை இழுத்து ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதற்குள் குறிப்பு எழுதலாம். பார்க்கிறவர் கர்சரை அங்கே கொண்டுபோனால் குறிப்பு தெரியும். என் படத்தில் கொண்டைக்கு மேலே ஒரு கட்டம் முளைத்திருந்தது. ஓரடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் கம்பம் மறைந்திருக்கும் என்று ஒரு வரி. எழுதியவருக்குப் பெயர் இருந்த இடத்தில் ஒரு புனைபெயர், முகம் இருந்த இடத்தில் ஒரு பூனை. நன்றி சொல்ல அவர் பக்கத்துக்குப் போனேன். போனவன் அவருடைய படங்களைப் பார்த்தேன். இரண்டு படங்களுக்குக் கமெண்ட் போட்டேன். மறுநாள் அவர் வந்தார். அவ்வளவுதான், ஒரு முடிச்சு விழுந்துவிட்டது.

இணையத்தில் ஒளிப்படக்காரர்களின் வலைப்பின்னல் எப்படி உருவாகிறது என்று கேட்டால், இப்படி விழுந்த முடிச்சுகளைத்தான் பார்க்க வேண்டும். படத்தை ஏற்றியவுடன் கூட்டம் சேர்வதில்லை. அடுத்தவர் படத்தின் முன் யாரோ ஒருவர் அரை நிமிடம் நின்றதால் சேர்ந்த கூட்டம் அது. அந்த அரை நிமிடத்துக்கு இடம் கொடுத்த தளங்களில் உறவு வளர்ந்தது. மற்றவற்றில் எண்ணிக்கைதான் வளர்ந்தது.

இதை முதலில் பெரிய அளவில் செய்துகாட்டிய ஃபிளிக்கர், ஒளிப்படத்துக்காகத் தொடங்கப்பட்டதே இல்லை. கனடாவின் வான்கூவர் நகரில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு, கேட்டரினா ஃபேக் தம்பதி லூடிகார்ப் என்ற சின்ன நிறுவனத்தை நடத்திவந்தார்கள். பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டு ஒன்றைச் செய்வதுதான் அவர்கள் திட்டம். கையில் காசு கரைந்துகொண்டிருந்தது, விளையாட்டு முடிகிற வழியாக இல்லை. அதற்காக எழுதிய நிரல்களைக் கொண்டு, அரட்டையடித்துக்கொண்டே படங்களைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு கருவியைச் செய்து 2004 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். முதல் வடிவத்தில் அது பெரும்பாலும் அரட்டை அறைதான். புதிதாக வந்தவர்களை நிறுவனத்தார் தாங்களே வரவேற்று, உள்ளே இருந்தவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற வேலை.

அந்தக் காலத்து மற்ற படத் தளங்களோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கோடாக் நிறுவனம் 2001இல் வாங்கிய ஓஃபோட்டோ போன்றவை, பிரிண்ட் போட்டு விற்கும் கடையின் இணையக் கிளைகள். ஆல்பத்தை ஏற்றி, மாமாவுக்கும் சித்திக்கும் இணைப்பை அனுப்பலாம். அவர்கள் வேண்டிய படத்துக்குப் பிரிண்ட் ஆர்டர் கொடுக்கலாம். ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குக் காட்டுவதுதான் நோக்கம். ஃபிளிக்கரில் நீங்கள் வேண்டாமென்று சொல்லாதவரை படம் ஊருக்கே தெரியும். சித்தி பார்க்கிறாரோ இல்லையோ, முன்பின் தெரியாத ஒருவர் பார்ப்பார்.

தெரியாதவர் எப்படி வந்து சேர்ந்தார்? பாதை பல. ‘மெரினா’ என்று டேக், அதாவது அடையாளச் சொல், போட்டால் மெரினாவை எடுத்த மற்றவர்கள் ஒரே பக்கத்தில் நிற்பார்கள். 2006இல் வரைபடத்தில் குத்திவைக்கும் வசதி வந்தபிறகு, உங்கள் தெருவிலேயே இன்னொரு கேமராக்காரர் இருப்பது தெரியவந்தது. படத்துக்குக் கீழே கேமரா, லென்ஸ், ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் எல்லாம் தானாகவே வரும்; அதே 50 எம்எம் லென்ஸை வைத்திருப்பவர்கள் அதன் வழியாக ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். வெறும் எண்கள்தான். ஆனால் ‘இந்த வெளிச்சத்தில் கையில் பிடித்தே எடுத்தீர்களா?’ என்று பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு சின்ன முடிவு இருந்தது. ஒருவரைத் தொடர்பில் சேர்க்க அவருடைய சம்மதம் தேவையில்லை. நீங்கள் சேர்க்கலாம், அவர் திருப்பிச் சேர்க்காமலும் இருக்கலாம். பிற்பாடு டிவிட்டரும் இன்ஸ்டாகிராமும் இதையே பின்பற்றின. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மென்பொருள் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007இல் ஃபிளிக்கரின் சுமார் 18 லட்சம் பயனர்களையும் அவர்களுக்கிடையிலான 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்புகளையும் அலசினார்கள். தொடர்புகளில் 62 சதவீதம் இருவழியாக இருந்தன. திருப்பிச் சேர்க்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லாத இடத்தில் இது அதிகம் என்றே நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு வந்த தொடர் ஆய்வு இன்னும் சுவையானது. இருவழித் தொடர்புகளில் 80 சதவீதத்துக்கும் மேல், முதலாமவர் சேர்த்த 48 மணி நேரத்துக்குள் மற்றவர் திருப்பிச் சேர்த்தவை. புதிதாக உண்டான தொடர்புகளிலும் ஐந்தில் நான்குக்கு மேல், ஏற்கெனவே நண்பரின் நண்பராக இருந்தவரோடு ஏற்பட்டவை.

நம் ஊர்க்காரருக்கு இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. இது மொய். இவர் வீட்டு விசேஷத்துக்கு அவர் எழுதினார், அவர் வீட்டு விசேஷத்துக்கு இவர் எழுதுகிறார். நோட்டில் பெயர் இருக்கிறது, மறக்க முடியாது. ஃபிளிக்கரில் கமெண்டும், படம் பிடித்திருக்கிறது என்று குறிக்கும் ‘ஃபேவ்’வும் அந்த நோட்டு. நண்பரின் நண்பர் கணக்கும் அப்படித்தான்: பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவரோடு பேசத் தொடங்குவது. ஒரே ஆளுடைய நல்ல கமெண்டை மூன்று படங்களின் கீழே பார்த்துவிட்டால், யார் இவர் என்று போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது.

மொய்க்கு உள்ள நோயும் இதற்கு வந்தது. ஒரு படம் போட்டால் மற்றவர்களின் இரண்டு படங்களுக்கு விருது கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி வைத்த குழுக்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. விருது என்றால் ஜிகினா மின்னும் ஒரு சின்னப் படம். நகலெடுத்து ஒட்ட வேண்டியதுதான். சுமாரான சூரிய அஸ்தமனம் ஒன்றின் கீழே நாற்பது தங்கக் கோப்பைகள் வரிசையாகத் தொங்கும், படத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது. அதையும் முழுதாகப் பழிக்க மாட்டேன். முதல் கோப்பை வந்த அன்று எனக்கும் தூக்கம் வரவில்லை.

குழுக்களில் நல்லவையும் இருந்தன. வட்டமான எதையாவது எடுத்து, சதுரமாக வெட்டிப் போட வேண்டும் என்ற ஒரே விதியோடு ஒரு குழு இருந்தது. கிணறு, டயர், இட்லித் தட்டு, சாக்கடை மூடி என்று உலகெங்கிலும் இருந்து வட்டங்கள் வந்து விழுந்தன. இப்படி ஒரு குழுவில் சேர்ந்தபிறகு தெருவில் நடப்பதே மாறிப்போகும், கண் வட்டத்தைத் தேடும். இன்னொரு குழுவின் பெயரே ‘என்னை அழித்துவிடு’ என்பதுதான். படத்தைப் போட்டால் மற்றவர்கள் காக்கவா, அழிக்கவா என்று வாக்குப் போடுவார்கள். அழி வாக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் காரணம் எழுதுவார்கள். தோல் தடித்தவர்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடம்.

ஆனால் குழு எப்படித் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் என்பதற்கு என் உதாரணம் ‘ஸ்ட்ரோபிஸ்ட்’. பால்டிமோர் சன் நாளிதழில் ஒளிப்படக்காரராக இருந்த டேவிட் ஹாபி, கேமராவின் தலையில் மாட்டும் சின்ன ஃபிளாஷைக் கழற்றித் தனியாக வைத்து எடுப்பது எப்படி என்று 2006இல் இணையத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார். பாடம் ஓரிடம், வீட்டுப்பாடம் ஃபிளிக்கரில். அங்கே வளர்ந்த பழக்கம்தான் முக்கியம்: படத்தோடு வெளிச்சக் கணக்கையும் எழுத வேண்டும். ‘ஒரு ஃபிளாஷ், இடப்பக்கம் 45 டிகிரி, வெள்ளைக் குடை வழியாக, கால் பங்கு பவர்’ என்ற பாணியில். அந்த ஒரு வரி இருந்தால் போதும், கோவையில் இருப்பவர் மொட்டை மாடியில் தம்பியை நிற்கவைத்து அதையே செய்துபார்க்கலாம். வரவில்லையென்றால் அந்தப் படத்தை ஏற்றிக் கேட்கலாம். ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேர்ந்து, குடை பிடித்து, டீ வாங்கி வந்து, கண் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த சங்கதி அது. முதலாளி சொல்லித்தராத ஒன்றை முகம் தெரியாதவர்கள் சொல்லித்தந்தார்கள்.

தமிழிலும் இந்தக் காற்று வீசியது. 2007 வாக்கில் ‘தமிழில் புகைப்படக்கலை’ என்ற பெயரில் சிலர் சேர்ந்து, பாடங்களைத் தமிழில் எழுதி, மாதம் ஒரு தலைப்பில் போட்டியும் வைத்தார்கள். அப்பர்ச்சர், எக்ஸ்போஷர் விவகாரத்தைத் தமிழில் படித்துப் புரிந்துகொண்ட ஒரு தலைமுறை அங்கிருந்து வந்தது.

இதெல்லாம் இணையம் கொடுத்த புது வரம் என்று சொல்லிவிட முடியாது. லண்டனில் ஒளிப்படச் சங்கம் 1853லேயே வந்துவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது பிரிட்டனின் தபால்வழிச் சங்கங்கள். ஒரு பெட்டி உறுப்பினரிடமிருந்து உறுப்பினருக்குத் தபாலில் போகும். உள்ளே எல்லாருடைய பிரிண்டுகள், கூடவே விமர்சனம் எழுதத் தாள்கள். பெட்டி உங்கள் வீட்டுக்கு வந்ததும் மற்றவர்களின் படங்களுக்குக் கருத்து எழுதுவீர்கள். போன சுற்றில் வைத்த உங்கள் படத்தை, வந்து சேர்ந்த வசவுகளோடு எடுத்துக்கொண்டு, புதுப்படம் ஒன்றை வைத்து அடுத்தவருக்கு அனுப்புவீர்கள். கொண்டையில் கம்பம் என்ற செய்தி வந்து சேர மாதக்கணக்காகும். ஃபிளிக்கர் அதே பெட்டியைத்தான் சுற்றவிட்டது, தபால்காரர் மட்டும் இல்லை.

சரி, திரையில் விழுந்த முடிச்சு தெருவுக்கு எப்படி வந்தது? கூட்டமாக நடந்துபோய்ப் படம் எடுக்கும் போட்டோவாக் வழியாக. அமெரிக்காவின் ஸ்காட் கெல்பி 2008இல் உலகம் முழுக்க ஒரே நாளில் நடக்கும் போட்டோவாக் ஒன்றைத் தொடங்கினார். அதற்குக் காத்திருக்காமல் ஊருக்கு ஊர் குழுக்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஃபிளிக்கர் குழுவாகக் கூடிய ‘சென்னை வீக்எண்ட் கிளிக்கர்ஸ்’ வார இறுதிகளில் கேமராவோடு கிளம்பியது. இப்படி ஒரு நடைக்கு முதல்முறை போகிறவரின் அனுபவம் எங்கும் ஒன்றுதான். விடியற்காலை ஐந்தரை மணி, காசிமேட்டிலோ மயிலாப்பூர் குளக்கரையிலோ கழுத்தில் பட்டையோடு பத்துப் பேர் நிற்பார்கள். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. தளத்தில் வைத்திருக்கும் புனைபெயரைச் சொன்னதும், ‘அட, அந்த மழைப் படம் போட்டது நீங்களா’ என்று ஒருவர் கையைப் பிடிப்பார். அரை மணி நேரத்தில் ஒருவருடைய லென்ஸ் இன்னொருவர் கேமராவில் இருக்கும். எழுபதாயிரம் ரூபாய்ச் சாமானை நேற்றுவரை பார்த்திராத ஆளிடம் கழற்றிக் கொடுக்கிற தைரியம் எங்கிருந்து வந்தது? இரண்டு வருடமாக அவர் படங்களைப் பார்த்திருக்கிறோம், கமெண்டில் எப்படிப் பேசுவார் என்று தெரியும். போதாதா?

சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதியது இங்கே பொருந்தும். வேலை போன்ற புதுச் செய்திகள் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழியாகவே அதிகம் வருகின்றன என்றார் அவர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். சென்னையில் போஸ் கொடுக்காமல் இயல்பாக எடுக்கும் ‘கேண்டிட்’ கல்யாணப் படம் ஒரு தொழிலாக வளர்ந்தபோது அதில் குதித்தவர்களில் ஐ.டி. வேலையிலிருந்து வந்தவர்கள் பலர். ஸ்டுடியோ பரம்பரை கிடையாது, சங்கத்தில் உறுப்பினர் கிடையாது. ஒரே முகூர்த்த நாளில் இரண்டு ஆர்டர் வந்தால் ஒன்றை யாரிடம் தள்ளுவது, இரண்டாவது கேமராவுக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கெல்லாம் இந்த அரைகுறைப் பழக்கம்தான் விடை. வெளியுலகமும் எட்டிப் பார்த்தது. படங்களை விற்கும் நிறுவனமான கெட்டி இமேஜஸ் 2009 முதல் 2014 வரை ஃபிளிக்கரில் தேர்ந்தெடுத்த படங்களை விற்றுத்தந்தது.

கூட்டம் சேர்ந்தால் வரும் கெடுதலையும் சொல்லிவிட வேண்டும். ஒரு இஸ்திரி வண்டிக்காரரைச் சுற்றி ஐந்து பேர் முட்டி போட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், நானும் அந்த ஐந்தில் ஒருவன். அவர் கரி அடுப்பிலிருந்து நெருப்பை அள்ளிக்கொண்டே எங்களைப் பார்த்த பார்வை எந்தப் படத்திலும் பதிவாகவில்லை. கூவாகத்தில் திருநங்கைகள் தாலி அறுத்து அழும் நேரத்தில் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி லென்ஸை நீட்டுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல. ஓரிடத்தில் நல்ல படம் கிடைத்தது என்று குழுவில் தெரிந்தால், அடுத்த வருடம் அதே கோணத்தில் ஐம்பது படங்கள் வரும். பலருடைய கண்ணைத் திறக்கிற வலைப்பின்னலேதான் அவர்கள் கண்ணை ஒரே திசைக்கும் திருப்பிவிடுகிறது.

தளம் கொடுத்த பரிசுகளும் அந்த வேலையைச் செய்தன. 2005இல் ஃபிளிக்கர் ‘எக்ஸ்புளோர்’ என்ற பக்கத்தைத் திறந்தது. ஒவ்வொரு நாளும் ஐந்நூறு படங்களை நிரல் தேர்ந்தெடுக்கும். எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று முழுதாகச் சொல்ல மாட்டார்கள். எத்தனை குழுக்களில் போட்டால் வரும், எத்தனை மணிக்கு ஏற்றினால் வரும் என்று ஜோசியம் பார்க்க ஒரு கூட்டமே கிளம்பியது. ஏற்கெனவே தொடர்புகள் அதிகம் உள்ளவருக்கு முதல் மணி நேரத்தில் கமெண்டுகள் குவியும், அதனால் அவர் மேலே வருவார், அதனால் இன்னும் தொடர்புகள் கூடும். பணம் பணத்தோடு சேரும் கதை.

முதலாளிகள் மாறியபோதெல்லாம் இந்த உறவுக்காரர்கள் போட்ட சண்டையைப் பார்த்தால், அவர்கள் தங்களை வாடிக்கையாளர்களாக நினைக்கவில்லை என்பது தெரியும். யாஹூ 2005இல் ஃபிளிக்கரை வாங்கியது. 2007இல் பழைய உறுப்பினர்கள் எல்லாரும் யாஹூ கணக்கு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், ஒருவருக்கு 3000 தொடர்புகளுக்கு மேல் கூடாது என்று அறிவித்ததும் ஆயிரக்கணக்கில் கண்டனங்கள். 2014 நவம்பரில், பிறரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வணிகப் பயன்பாட்டுக்கும் விட்டிருந்த படங்களைச் சுவரில் மாட்டும் பிரிண்டாக யாஹூ விற்கப் போனது. எடுத்தவருக்கு அதில் காசு கிடையாது. சட்டப்படி தவறில்லை. ஆனால் ஊருக்குப் பொதுவாக வைத்த தண்ணீர்ப் பந்தலில் வீட்டுக்காரரே பாட்டிலில் பிடித்து விற்றால் எப்படி இருக்கும்? எதிர்ப்பு வலுத்து, ஒரு மாதத்துக்குள் கைவிட்டார்கள்.

அதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது. 2010 அக்டோபரில் வந்த இன்ஸ்டாகிராம் கேமராவும் தளமும் ஒன்றே என்று ஆக்கியது. தொடக்கத்தில் அதிலும் ‘இன்ஸ்டாமீட்’ என்று ஊர் ஊராகச் சந்திப்புகள் நடந்தன. ஆனால் கைபேசித் திரையில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகும்போது மூலையில் நிற்கும் கம்பம் தெரியாது. தெரிந்தாலும் சுட்டிக்காட்ட வசதி கிடையாது. இரண்டு முறை தட்டினால் இதயம், அடுத்த படம். 2016இல் படங்கள் நேர வரிசையில் வருவதையும் மாற்றினார்கள். யார் படம் யாருக்குத் தெரியும் என்பதை நிரல் தீர்மானித்தது. நண்பர் போட்ட படம் நான்கு நாள் கழித்து வந்தால் அங்கே என்ன மொய் எழுதுவது? ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல மெல்ல, தனித்தனியாகக் கடை போட்டு வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறவர்கள் ஆனார்கள். மனிதர்கள் கெட்டுவிட்டதாக நான் நினைக்கவில்லை. நிற்பதற்கு இடம் இல்லை, நிற்கவில்லை.

பழைய பழக்கம் வேறு பொந்துகளில் உயிரோடு இருக்கிறது. போட்டோவாக் ஏற்பாடெல்லாம் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில். அங்கே ‘சூப்பர் அண்ணா’ மழைக்கு நடுவில் ஒருவர் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புகிறார், கம்பத்தைச் சுற்றித்தான். பூச்சி, பறவை எடுக்கிறவர்கள் 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் பக்கம் போய்விட்டார்கள். பெயர் தெரியாத அந்துப்பூச்சியை வாசல் விளக்கடியில் எடுத்து ஏற்றினால், யாரோ வந்து இனத்தின் பெயரைச் சொல்கிறார். இன்னொருவரும் வந்து அதை ஒப்புக்கொண்டு, கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது ஆய்வுத் தரமான பதிவாகிறது. அங்கே இறகின் நரம்புவரை உற்றுப் பார்ப்பதே வேலை. அழகான படத்துக்குத் தனி மரியாதை இல்லை. மங்கலாக எடுத்தாலும் சரியாக அடையாளம் சொல்கிறவரைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள்.

ஃபிளிக்கரை 2018இல் ஸ்மக்மக் என்ற குடும்ப நிறுவனம் வாங்கியது. இலவசக் கணக்கில் ஆயிரம் படங்களுக்கு மேல் இருந்தால் அழிப்போம் என்று அறிவித்தபோது எழுந்த கேள்விகளில் ஒன்று: செத்துப்போனவர்கள் படம் என்ன ஆகும்? இறந்தவர் சந்தா கட்ட மாட்டார், வந்து எதையும் எடுத்துவைத்துக்கொள்ளவும் மாட்டார். 2019இல் ‘நினைவில்’ என்று ஒரு வகைக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். இறந்தவரின் நண்பர்களோ குடும்பத்தாரோ தெரிவித்தால், கணக்கைப் பூட்டிவிட்டு, சந்தா தீர்ந்தாலும் படங்களை அப்படியே வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கணக்குகளின் கடைசிப் படத்துக்குக் கீழே போய்ப் பார்த்திருக்கிறேன். எடுத்தவரின் சாவுச் செய்தியை யாரோ ஒருவர் எழுதியிருப்பார். அதன் கீழே புனைபெயர்களும் பூனை முகங்களும் வரிசையாக வந்து, இந்தப் படத்தில் வெளிச்சம் எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.